கைராசி என்று ஒன்று கிடையாது

"எனக்குக் கைராசி இல்லைங்க, நான் வைத்தால் எதுவும் தழைக்காது" என்கிறீர்களே, உங்களைச் சில கேள்விகள் கேட்கிறேன். போன சித்திரையில் உங்கள் மொட்டை மாடியில் கருகிப்போன அந்தக் கத்திரிச் செடிமேல் மத்தியான வெயில் எத்தனை மணிநேரம் விழுந்தது? ஊற்றிய தண்ணீர் செடிப்பையின் அடித்துளை வழியே வடிந்ததா, உள்ளேயே தேங்கி வேரை அழுகவைத்ததா? இலையின் அடிப்பக்கத்தை ஒருநாளாவது திருப்பிப் பார்த்தீர்களா? எதற்கும் பதில் இல்லை. ஆனால் பழி மட்டும் ராசியின் தலையில்!

செடிக்கு உங்கள் ஜாதகம் தெரியாது. வெளிச்சம் வந்ததா, ஈரம் இருந்ததா, காற்று ஓடியதா, சத்து கிடைத்ததா என்பதுதான் அதற்குக் கணக்கு. இந்த நான்கையும் தரக்கூடிய கை உங்களுக்கு இருக்கிறது. இரண்டு இருக்கிறது!

பங்குனி வந்தாயிற்று. அடுத்து வரும் இளவேனிலுக்குப் பெயர்தான் குளுமை. நம் சமவெளியில் அது மாடியைச் சூடேற்றிக்கொண்டே வந்து, மே 4 வாக்கில் கத்திரி வெயிலிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும். ஆகவே முதல் வேலை நிழல். ஓசூரில் ரோஜாவுக்கும் நீலகிரியில் கார்னேஷனுக்கும் பாலித்தீன் குடில் போடுகிறார்கள். படத்தில் பார்த்துவிட்டு அதே குடிலை மதுரை மொட்டை மாடியில் நிறுத்தினால் செடி வெந்துவிடும். அங்கே குளிரிலிருந்தும் மழையிலிருந்தும் காப்பாற்ற வேண்டும், இங்கே வெயிலிலிருந்து. நமக்கேற்ற குடில் பச்சை நிழல்வலைதான். கடையில் 50 சதவீத ஷேடு நெட் என்று கேளுங்கள், வெயிலில் பாதியைத் தடுக்கும். நாலு மூங்கிலோ பழைய குழாயோ நட்டு, நீங்கள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். மேற்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் தொங்கட்டும். பிற்பகல் வெயில்தான் ஆளைக் கொல்வது. மற்ற பக்கங்களை மூடாதீர்கள், சூடான காற்று வெளியே போக வழி வேண்டும். ஆசாரியைக் கூப்பிட வேண்டியதில்லை. கயிறு கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வலை கட்டியும் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும், பூ உதிரும். உடனே "பார்த்தீர்களா, என் ராசி!" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அது வெப்பத்தின் வேலை. வெயில் தாங்கும் பயிரைப் பிடியுங்கள்: வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, பாகல், சுரை. இந்தப் பருவத்தில் தோற்கடிக்க முடியாத கூட்டணி இது.

சுரை, பூசணிக் கொடிகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதிகம் பேர் மனம் உடைகிற இடம் அதுதான். பூவாகப் பூக்கிறது, எல்லாம் உதிர்கிறது. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள் ஐயா, அவை உதிரத்தான் செய்யும்! பிறகு அடியில் குட்டிப் பிஞ்சோடு ஒரு பூ வரும், அதுதான் பெண் பூ. நாலாவது மாடிவரை தேனீ ஏறி வராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளடித்து விழும். வராவிட்டால் என்ன, நீங்கள் தேனீயாகுங்கள். ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்து, மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். பூசணிக்கு விடிகாலையில், சுரைக்கும் பீர்க்குக்கும் அந்தி மயங்கும்போது. அந்தந்தப் பூக்கள் விரிகிற நேரம் அது. பிஞ்சு தங்கிப் பருத்தால், அந்தக் காயை உண்டாக்கியது உங்கள் விரல். அப்போது சொல்லுங்கள் பார்ப்போம், கைராசி இல்லை என்று!

அடுத்த எதிரி மாவுப்பூச்சி. செம்பருத்திக் கணுவில் வெள்ளையாய்ப் படிந்ததைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடுகிறீர்கள். நில்லுங்கள். 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி என்ற வெளிநாட்டுப் பூச்சி கோயம்புத்தூரில் தலைகாட்டி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாய்ச் சூறையாடியது. விஷ மருந்தை அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்துபோனார்கள். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவிதான் அதை அடக்கியது. அப்படிப்பட்ட காவலாளிகள் உங்கள் மாடியிலும் இருக்கலாம், விஷம் அடித்தால் முதலில் சாவது அவர்கள்தான். ஈரத்துணியால் துடையுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கியபின் தெளியுங்கள். மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்பை விரட்டாமல் பூச்சியை மட்டும் விரட்டிப் பயனில்லை.

அடுத்து மண்ணைக் கவனியுங்கள், மூடாக்கு போடுங்கள். காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ, மண் வெறுமையாகத் தெரியக் கூடாது. தண்ணீரைக் காலையில் வெயில் ஏறும் முன் ஊற்றுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அன்பு மிகுதியால் செத்த செடிகளும் ஏராளம். பக்கத்து வீட்டுக்காரர் ஏதாவது சொல்வார், சொல்லட்டும். அவர் மாடியில் டிஷ் ஆண்டெனா மட்டும்தான் இருக்கிறது.

இன்னும் இரண்டு காணொளி பார்த்துவிட்டுத் தொடங்கலாம் என்று நினைக்கிறீர்களா? போதும்! பார்த்ததெல்லாம் போதும். இன்று ராத்திரி படுக்கும் முன் ஒரு பிடி வெண்டை விதையைக் கிண்ணத்தில் ஊறப் போடுங்கள். விடிந்ததும் பைக்கு மூன்றாக, ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் முளை தெரியும். முளைக்காத பையில் முகத்தைத் தொங்கப்போடாமல் மறுபடி ஊன்றுங்கள். முளைத்த பையில் திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி எறியுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள். நாற்பத்தைந்து நாள் வாக்கில் காய் தொடங்கிவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் முற்றி நாராகிவிடும். ஊருக்குப் போவதாக இருந்தால் மாடிச் சாவியை அந்த ஆண்டெனா வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டுப் போங்கள்.