பாழ்மனையில் முளைத்த ஆல்

திருமயிலையில் ஸ்ரீ கேசவப் பெருமாளையும் பேயாழ்வாரையும் ஸேவித்து வீதிகளில் நடக்கும் அன்பர்கள், பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டின் சுவரைப் பிளந்துகொண்டு ஆலோ அரசோ எழுந்து நிற்பதைக் கண்டிருக்கலாம்.

அதை நட்டவர் எவருமிலர். பழம் தின்ற பறவையின் எச்சத்திலிருந்த மிகச் சிறிய வித்து, சுண்ணாம்புக் காரையின் வெடிப்பில் தங்கிற்று, மழைநீர் ஊறிற்று. விளக்கேற்றி, வெள்ளையடித்து வாழ்வோர் இருந்திருப்பின் இரண்டு இலை விட்டபோதே கிள்ளியிருப்பர். ஆளின்மையால் வேர் கல்லைப் பிரித்துக்கொண்டு இறங்கிற்று. இனி மரத்தைப் பிடுங்கினால் சுவரும் உடன் விழும்.

மரத்தின்மேல் குற்றமுண்டோ? இல்லை. பிரளயத்தில் எம்பெருமான் பள்ளிகொண்டது ஆலிலையில். மரங்களுள் அரசு தானே என்று கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் அவனே அருளினான். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆல், 1989-இல் புயலில் அடிமரம் சாய்ந்தும், விழுதுகளால் நின்று இன்றும் நிழல் தருகிறது.

பொருளும் மக்கட்பாசமும் அத்தகையனவே. தர்மமாகிய வெளியில் வளர்ந்தால் பலருக்கும் நிழல். உடையவனை மறந்த நெஞ்சில் வேரூன்றினால் அந்நெஞ்சையே பிளக்கும். ஸம்ஸாரத்தை அரசமரமாகக் காட்டிய கண்ணன், பற்றின்மை என்னும் ஆயுதத்தால் அதனை வெட்டச் சொன்னான். முற்றிய மரத்திற்கே ஆயுதம் வேண்டும். முளைக்கு நகம் போதும்.

திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவர் நெருங்கி நின்ற சிறிய இடைகழியைத் தேடி எம்பெருமான் வந்தான். மயிலைப் பேயாழ்வார் அவனைக் கண்டது அங்கேதான். நாள்தோறும் திருநாமமாகிய விளக்கு எரியும் நெஞ்சு, எத்துணைச் சிறிதாயினும், பாழ்மனை ஆவதில்லை.

சுபம்.