யாருடைய நாக்கைத் திருத்துவது?

சங்ககிரியில் லாரிக்குப் பட்டறை உண்டு, பாடி கட்ட ஆள் உண்டு. பேச்சு வராத பிள்ளைக்கு யாரிடம் போவது என்று கேட்டுப் பாருங்கள். "நாக்குல வசம்பத் தேயி", "ஆம்பளப் புள்ளைக்கி மெதுவாத்தான் பேச்சு வரும்" என்பார்கள். மிஞ்சினால் சேலத்துக்கு வழி காட்டுவார்கள்.

சேலம் சுமார் 40 கிலோமீட்டர். பேச்சுப் பயிற்சி ஒரு ஊசியோடு முடிகிற வைத்தியம் அல்ல. வாரா வாரம், மாதக் கணக்கில் போக வேண்டும். தறிக்கும் களைவெட்டுக்கும் போகிற தாய்க்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. மைசூரில் இதற்கென மத்திய அரசு நிறுவனம் தொடங்கியது 1965இல். 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் பேச்சுக்குறை தனியாக இல்லை. 2016 சட்டம்தான் அதைச் சேர்த்தது.

தூரம் மட்டும்தானா சிக்கல்? ஊருக்குள் ஒரு பிள்ளை பேசவில்லை என்றால் வைத்தியரைத் தேடுகிறார்கள். சேரிப் பிள்ளை பேசவில்லை என்றால் 'எதுத்துப் பேசாத புள்ள' என்று நற்சான்று கொடுக்கிறார்கள். நம் மௌனத்தை மரியாதையாகக் கேட்டு வாங்கிய சமூகத்துக்கு, அந்த மௌனத்துக்குள் ஒரு நோவு இருப்பது எப்படித் தெரியும்?

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. இந்தப் பக்கத்து அருந்ததியர் வீடுகள் பலவற்றில் தெலுங்கு பேசுகிறார்கள். வீட்டில் வாய் ஓயாத பிள்ளை பள்ளிக்கூடத்துத் தமிழின் முன்னால் ஊமையாகிறது. 'மந்தம்' என்று எழுதிவிடுவது சுலபம். இரண்டு மொழியிலும் தடுமாறினால் அது குறை. பள்ளி மொழியில் மட்டும் தடுமாறினால் குறை பிள்ளையிடம் இல்லை. இதைப் பிரித்தறிய, வீட்டு மொழியிலும் பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும். தெருப் பேச்சை வியாதி என்று நினைக்கிற பயிற்சியாளர் வந்தும் பயனில்லை. திக்குகிற பிள்ளைக்கு உதவி வேண்டும். ஆனால் திக்கல் தீர்ந்த பிறகுதான் அது சொல்வதைக் கேட்போம் என்பது என்ன நியாயம்?

1920இல் அம்பேத்கர் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன். அங்கே ஊமை என்பது ஒடுக்கப்பட்டோருக்கு உருவகம். நம் தெருவில் ஒரு குழந்தைக்கு அது உருவகம் அல்ல, உடம்பு. உரிமைக்குரல் பற்றிப் பேசுகிற இயக்கம் இந்தக் குழந்தையையும் தன் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சியாளர் தாலுகா மருத்துவமனைக்கு வரட்டும். தெருவின் மொழி தெரிந்த ஒரு பெண் சம்பளத்தோடு அவர் பக்கத்தில் உட்காரட்டும்.