வயிறு எரியாமல்

பெங்களூரு இந்திராநகரில், சி.எம்.எச். சாலை மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்தபோது ஒரு வினைச்சொல் வந்தது: கொன்னென். உதட்டைக் குவித்துக்கொண்டே 'எ' என்று சொன்னால்தான் அதன் முதல் உயிர் சரியாக விழும். 'இஷ் கொன்னெ எஸ் டியர்' என்று ஆசிரியை பலகையில் எழுதினார். அது உனக்குக் கிடைத்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை, சந்தோஷம்தான். நாலே சொல்லில் இவ்வளவும் சொல்லிவிடலாம்.

அந்த வாரம்தான் பி1 தேர்வு முடிவு வந்திருந்தது. பேச்சுப் பகுதியில் 60 வேண்டும், எனக்கு 54. பக்கத்து இருக்கைத் தோழி நாலு பகுதியிலும் தேறிவிட்டாள். ஸ்டுட்கார்ட்டில் நர்ஸ் வேலையும் உறுதி. வாட்ஸ்அப்பில் 'வாழ்த்துகள்' அனுப்பினேன். அனுப்பியது விரல்தான், வயிறு எரிந்துகொண்டிருந்தது. கன்னடத்தில் இதை 'ஹொட்டெகிச்சு' என்கிறார்கள், வயிற்று நெருப்பு. இரண்டு மொழியும் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுகின்றன.

பழைய ஜெர்மனில் 'கொன்னென்' என்ற சொல் 'கிஉன்னன்'. தயவு, ஆதரவு என்று பொருள்படும் 'குன்ஸ்ட்' இதன் உறவு. அந்தத் தயவு கெட்டுப்போனால் 'மிஸ்குன்ஸ்ட்', அதாவது பொறாமை. நம் வள்ளுவர் 17ஆம் அதிகாரத்துக்கு அழுக்காறாமை என்று பெயர் வைத்தார். இங்கே பொறாமைக்குத் தனிப்பெயர் உண்டு, அது இல்லாத நிலைக்கு எதிர்மறைதான். அங்கே நல்ல மனம்தான் முதல் சொல். பொறாமை அதன் சிதைவு. இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதே வினையைத் தனக்கும் சொல்லிக்கொள்ளலாம்: நல்லதொன்றை நமக்கே அனுமதிப்பது. என் அம்மா மீன்குழம்பில் நடுத்துண்டை எல்லார் தட்டிலும் வைப்பார், தனக்குத் தலையும் வாலும். "எனக்கெதுக்கு?" என்பார். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்தால் முதலில் பாயசம் வைப்பவரும் அவர்தான். பிறருக்கு மனதார விட்டுக்கொடுத்தவர், தனக்கு மட்டும் கடைசிவரை எதையும் கொடுத்துக்கொள்ளவில்லை. அது நியாயமில்லை.

தோழி கிளம்பிய இரவு, தேவனஹள்ளி விமான நிலையத்தில் அவள் பையில் மைசூர்பாகுப் பொட்டலத்தைத் திணித்துவிட்டு, அந்த நாலு சொல்லையும் சொன்னேன். அவற்றைப் பொய்யில்லாமல் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.