உச்சரிக்கப்படாத சொல்

உண்மைக்காகப் போராடிய எழுத்தாளன் ஒருவனைப் போற்றுகையில், அவன் எடுத்துரைத்த உண்மையின் ஒரு பகுதியை மறைத்துவிடலாமா? 1937இல் வெளிவந்த ‘எமிலி ஸோலாவின் வாழ்க்கை’ என்னும் ஹொலிவூட் படம் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

வில்லியம் டீட்டர்லே இயக்கி, போல் மூனி ஸோலாவாக நடித்த இப்படத்துக்குக் கிடைத்த வரவேற்பு பெரிது. நியூயோர்க் டைம்ஸ் விமர்சகர் பிராங் நியூஜென்ற் அதனை வானளாவப் புகழ்ந்தார். ஆண்டின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசும் அதற்கே கிட்டிற்று. நீதிமன்றக் காட்சியில் மூனியின் நடிப்பு இன்றும் நெஞ்சைத் தொடுவது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆயினும், இப்படத்தில் எந்தப் பாத்திரமும் ‘யூதர்’ என்னும் சொல்லை ஒருமுறையேனும் வாய்திறந்து கூறுவதில்லை. இராணுவ உயரதிகாரிகள் குற்றவாளியைத் தேடும் காட்சியில் பெயர்ப்பட்டியலின் மீது ஒரு விரல் நகர்கின்றது. சமயத்தைக் குறிக்கும் இடத்தில் அச்சொல் கணநேரம் தோன்றி மறைகின்றது. அவ்வளவே.

1894இல் கப்டன் அல்பிரட் டிறைபஸ் தேசத்துரோகி எனத் தண்டிக்கப்பட்டு டெவில் தீவுக்கு அனுப்பப்பட்டார். அவர் யூதராயிருந்தமையே அப்பொய்க்குற்றத்தை நாடு எளிதில் நம்புவதற்கு வழிசெய்தது. பத்திரிகைகள் இனவெறியைத் தூண்டின. தெருக்களில் யூதருக்கெதிராகக் கூச்சல் எழுந்தது. ஸோலாவோ 1896 மே மாதத்திலேயே, டிறைபஸ் வழக்கில் ஈடுபடுமுன்னரே, பிகாரோ பத்திரிகையில் ‘யூதர்களுக்காக’ என்ற தலைப்பிற் கட்டுரை எழுதியவர். 1898 ஜனவரி 13ஆந் திகதி ‘நான் குற்றஞ்சாட்டுகிறேன்’ என்னும் பகிரங்கக் கடிதத்தை வெளியிட்டார். அதற்காக ஓராண்டுச் சிறையும் மூவாயிரம் பிராங்கு அபராதமும் விதிக்கப்பட, இங்கிலாந்துக்குத் தப்பிச் செல்ல நேர்ந்தது. அவர் தலைப்பாகவே இட்ட சொல்லை அவரைப் போற்றும் படம் நாவினால் தீண்டவும் அஞ்சிற்று!

படத்திலுள்ள வரலாற்றுப் பிழைகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. டிறைபஸ் கௌரவிக்கப்படும் நாளுக்கு முந்திய இரவில் ஸோலா இறப்பதாகப் படம் காட்டுகின்றது. உண்மையில் அவர் 1902இலேயே இறந்தார். டிறைபஸ் மீண்டும் இராணுவத்திற் சேர்க்கப்பட்டது 1906இல். இதனைக் கலைஞனுக்குரிய சுதந்திரமென ஏற்றுக்கொள்ளலாம். காலம் சுருங்கினாலும் நிகழ்ச்சியின் காரணம் சிதையவில்லை. சொல்லை மறைத்ததோ காரணத்தையே மாற்றிவிட்டது. சமுதாயம் முழுவதிலும் ஊறிக்கிடந்த வெறுப்பு, தம் மானத்தைக் காக்க முயன்ற சில தளபதிகளின் சூழ்ச்சியாகச் சுருங்கிப்போயிற்று. தளபதிகளைத் தண்டித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நிம்மதியுடன் பார்வையாளன் வீடு திரும்பலாம்.

ஹிட்லர் ஆட்சியிலிருந்த காலத்தில் அநீதியை எதிர்த்து ஒரு படம் எடுத்ததே துணிவல்லவா என்பர் சிலர். இவ்வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அன்றைய பார்வையாளர் பலர் குறிப்பை உணர்ந்துமிருப்பர். மௌனத்துக்குக் காரணம் வணிகமா, வெறுப்பை மேலும் கிளறிவிடுவோமோ என்ற அச்சமா என்பதில் வரலாற்றாசிரியரிடையே ஒருமைப்பாடில்லை. எதுவாயினும், பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியவனைப் போற்ற வந்தோர், பாதிக்கப்பட்டவனின் இனப்பெயரைச் சொல்லத் தயங்கினர்.

அனதோல் பிரான்சின் புகழுரையோடு படம் அமைதியாக முடிகின்றது. 1908 ஜூன் மாதம் ஸோலாவின் எச்சங்கள் பந்தியோன் மண்டபத்துக்கு மாற்றப்பட்ட வைபவத்தில், அங்கு வந்திருந்த டிறைபஸ்மீது ஒரு பத்திரிகையாளன் துப்பாக்கியாற் சுட்டான்; குண்டு கையிற் பாய்ந்தது. சுட்டவனை நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தக் காட்சி படத்தில் இல்லை.