தலமும் அடியாரும்: பாரிஸ் பூங்காவில் எழும் ஒரு சைவ வினா

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்னும் கொள்கையும், குறிப்பிட்ட சில ஊர்களே தலங்கள், அதாவது அவன் சிறப்பாக எழுந்தருளிய இடங்கள், என்னும் நம்பிக்கையும் சைவத்தில் அருகருகே நிலவுகின்றன. பிறந்த ஊரிலேயே வாழ்வோருக்கு இவை முரணாகத் தோன்றுவதில்லை. கடல் கடந்து குடியேறியவர்களுக்கோ இது வாழ்க்கை வினாவாகிறது.

1739 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு மாறியது; ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அவ்வாறு தேர்ந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் பல இன்று பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கின்றன. அத்தகைய குடும்பமொன்று ஞாயிற்றுக்கிழமை புளிச்சோறு கட்டிக்கொண்டு, பாட்டி முதல் பேரன் வரை பஸ் ஏறி, பியூத் ஷோமோன் பூங்காவுக்குச் செல்லுமானால், அது வெறும் பொழுதுபோக்கா, அதில் சமயத்துக்கும் இடமுண்டா?

கைவிடப்பட்ட ஜிப்சம் சுரங்கங்களைத் திருத்தி 1867இல் திறக்கப்பட்ட அப்பூங்காவில், ஏரியின் நடுவே உயர்ந்த பாறையின் உச்சியில், பழைய ரோமானியக் கோயிலொன்றின் சாயலில் எழுப்பிய மண்டபம் நிற்கிறது. அழகுக்காகவே கட்டப்பட்ட அதில் மூர்த்தியும் இல்லை, வழிபாடும் இல்லை. கோயிலின் வடிவம் மட்டும் ஓர் இடத்தைத் தலமாக்கிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

விடைக்கு மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞான போதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் வழிகாட்டுகிறது. இறைவன்பால் அன்பு மிகுந்த அடியாரின் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே கண்டு தொழ வேண்டும் என்று அது விதிக்கிறது. எங்கும் பாலில் நெய்போல் மறைந்திருப்பவன் இவ்விரண்டிடத்தும் தயிரில் நெய்போல் விளங்குகிறான் என்பது சைவ சித்தாந்த விளக்கம். ஆலயம் பெயராது, அடியார் பெயர்வர், பஸ்ஸிலும் ஏறுவர். புலம்பெயர்ந்தோருக்கு இச்சூத்திரம் தரும் உறுதி பெரிது.

காரைக்கால் அம்மையார் எனப்படும் புனிதவதியாரின் வரலாறும் இதையே காட்டுகிறது. மரக்கலம் ஏறிச் சென்ற கணவன் பரமதத்தன் பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொண்டு வாழ்வதை அறிந்த உறவினர், புனிதவதியாரைச் சிவிகையில் ஏற்றி அங்கே அழைத்துச் சென்றனர். அவன் தன் புதிய மனைவியோடும் மகளோடும் வந்து அவர் காலில் விழுந்தான். கோயிலில் அல்ல, வேற்றூரில், உறவினர் நடுவே ஓர் அடியார் தொழப்பட்டார். ஆயினும் அதே அம்மையார் கயிலையை அடைந்தபோது அம்மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார் என்பதையும் மறக்கலாகாது. எவ்விடமும் ஒன்றே என்று அவர் கருதியிருப்பின் அந்த அச்சத்துக்குப் பொருளில்லை.

ஆகவே பூங்கா தலமாகாது. பஸ் பயணமும் யாத்திரையாகாது. அன்போடு இறைவனை நினைந்து கூடியிருக்கும் குடும்பமோ, சூத்திரம் சொல்லும் இரண்டனுள் ஒன்றுக்கு உரியதாகலாம். பாரிஸில் 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், பூங்காப் புல்வெளியிலும் புனிதவதியாரின் கதையைச் சொல்ல வேண்டும். ஆனிப் பௌர்ணமியில் அம்மையாரின் நினைவாகக் காரைக்கால் வீதிகளில் மாங்கனி இறைக்கும் நாளன்று ஒருமுறையேனும் அவர்களை அங்கே நிறுத்தவும் வேண்டும்.