புடவைக்கு அந்தப் பக்கம்

"டீச்சர், இது பொய் டிஸ்க்குதானே?"

ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையன் கேட்டான். பெரகலச் சந்திக்கு மேலே, என் வீட்டு முன்னறையில் பழைய லெப்டொப் ஒன்றை வைத்து மூன்று பேருக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைய பாடம், வேர்ச்சுவல்பொக்ஸ் மெஷினுக்கு இரண்டாவது டிஸ்க் சேர்ப்பது. மெஷினை நிறுத்தி, ஸ்டோரேஜில் சாட்டா கன்ட்ரோலரின் கீழ் 20 ஜீபிக்குப் புது வி.டி.ஐ. ஒன்றை உண்டாக்கினோம், எழுத எழுத வளரும் வகை. வெளியே அது சில எம்பி அளவில் ஒரு ஃபைல். மெஷினை எழுப்பினால் உள்ளே முழுசாக 20 ஜீபி. பார்ட்டிஷன் போட்டு, ஃபோர்மட் செய்து, மவுண்ட் பண்ணும் வரைக்கும் பெயருக்குத்தான் டிஸ்க்.

கயிறென்று தெரிந்தால் பாம்பு மறைந்துவிட வேண்டும் என்பது அத்வைதக் கணக்கு. இது வெறும் ஃபைல் என்று தெரிந்த பிறகும் எங்கள் டிஸ்க் மறையவில்லை. எழுதினால் நின்றது, திறந்தால் வந்தது. அதனால் நான் மெய்கண்டார் பக்கம். 13ஆம் நூற்றாண்டில் 12 சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தவர். அவர் வழியில் மாயை பொய்யில்லை, குடத்துக்கு மண் போல உலகத்துக்கு முதற்காரணம். சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். லெப்டொப்பின் டிஸ்க் மண், வேர்ச்சுவல்பொக்ஸ் சக்கரம் என்றேன்.

"அப்ப நான்தான் குயவனா?"

கடவுளாகிவிட அந்த வயதில் என்ன அவசரம்!

நான் வளர்ந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். எங்கள் ஒற்றை அறைக் காம்பரா 10க்கு 12 அடி. அண்ணனுக்குக் கல்யாணமானதும் அம்மா ஆணியில் கயிறு கட்டிப் பழைய புடவையைத் தொங்கவிட்டார். தோட்டத்துப் பதிவில் ஒரே காம்பராதான். ஆனால் அப்பா ஒரு நாளும் இருமாமல் அந்தப் பக்கம் போனதில்லை. புடவையில் சுண்ணாம்புக் கறை ஒன்று இருந்தது. அதுதான் எங்கள் சுவர். அதை யாராவது பொய் என்றால் எனக்குக் கோபம் வரும். இன்னொன்றின் இடத்தில் நிற்பது வேறு, இல்லாமலிருப்பது வேறு.

அடுத்த வாரம் மெஷின் பாதியில் நின்றுபோனது. லெப்டொப்பில் மிச்சமிருந்ததே 11 ஜீபி. நாங்கள் எழுதிக்கொடுத்தது 20. பையன் படமாக ஏற்றித் தள்ளியிருக்கிறான். உள்ளே கேட்டால் இன்னும் சில ஜீபி கிடக்கும் என்றிருக்கும். வெளியே ஒரு துளி இடமில்லை.

"உள்ள இருக்கிறதுக்கு இது எப்பிடித் தெரியும் டீச்சர்?"

பொய் டிஸ்க் என்று இப்போது அவன் சொல்லவில்லை. குயவன், மண், சக்கரம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன், பதில் அமையவில்லை. இதே பெரகலச் சந்தியிலிருந்து வெல்லவாய ரோட்டில் இறங்கினால் கொஸ்லந்தை, மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29 காலையில் அங்கே மலை சரிந்து லயங்களை மூடியதற்கு ஒரு நிமிஷம் முன்புவரை காம்பராக்களுக்குள் பானை, படம், பாய் எல்லாம் வைத்தது வைத்தபடிதான் இருந்திருக்கும்.

பென்டிரைவை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"முதல்ல வெளிய கொஞ்சம் இடம் பண்ணு."