சுற்றிலும் கொத்திப் பார்த்தீர்களா?

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, நல்லதண்ணி, 23 மார்ச் 2025
வாசகங்கள்: விடுதலைப் பயணம் 3, லூக்கா 13:1-9



போன மாதம் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முழு நாட்டிலும் கரண்டு நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். காலை பதினொன்றரை மணி இருக்கும். பாணந்துறையில் உள்ள உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டுவிட்டது என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அதற்குப் பிறகு பல நாள் எங்கு போனாலும் குரங்குக் கதைதான். மின்சார சபை பின்னால் சொன்ன விளக்கம் அவ்வளவு பேருடைய காதுக்குப் போகவில்லை. அன்று ஞாயிறு என்பதால் தொழிற்சாலைகளும் கந்தோர்களும் மூடியிருந்தன, மின்சாரத்துக்குத் தேவை குறைவு. வெயிலோ நன்றாக அடித்தது. கூரைகளில் இருக்கும் சோலார் தகடுகளிலிருந்து மின்சாரம் நிறையவே வந்துகொண்டிருந்தது. அதனால் மின்நிலையங்களின் கனத்த சுழலிகள் குறைவாகவே ஓடின. அப்படியொரு நேரத்தில் வந்த சிறு அதிர்ச்சியைத் தாங்குகிற பலம் அந்த அமைப்பில் இருக்கவில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அவை மறுபடி ஓடச் சில நாள் பிடித்தது. அதுவரை நாம் முறைவைத்து ஒன்றரை மணி நேரம் இருட்டில் இருந்தோம். குரங்கு பட்டது உண்மைதான். ஆனால், ஒரு குரங்கு பட்டதும் ஒரு நாடே ஏன் விழுந்தது என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர்.

இன்றைய நற்செய்தியிலும் சிலர் ஒரு செய்தியோடு இயேசுவிடம் வருகிறார்கள். கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்ற செய்தி அது. செத்தவர்கள் என்ன பாவம் செய்தார்களோ என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் ஒளிந்திருக்கிறது. ஆண்டவர் அதை வெளியே எடுத்துப் போடுகிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததையும் தாமே சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்கிறார். இல்லை என்று பதிலும் அவரே சொல்கிறார். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை மூடியது. அந்தச் சனம் என்ன பாவம் செய்ததோ என்று கேட்கும் வாய்கள் நம்மிடமும் உண்டு. ஆனால் அந்த இடம் சரியக்கூடியது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது.

இதெல்லாம் என் மனத்தில் ஒன்றாகச் சேர்ந்தது ஒரு கம்பியூட்டரால். பத்து நாளைக்கு முன், மெதின் போயா லீவன்று, மேட்டு லயத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு மகன் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் பெரியம்மா அனுப்பிய காசில் ஹட்டனில் வாங்கிய பழைய கம்பியூட்டர். கடந்தகால வினாத்தாள்களை அதில் வைத்துத்தான் அவன் படிக்கிறான். போட்டு இருபது நிமிடம் ஆனதும் அது பட்டென்று அணையும். பிறகு தானாகவே எழும்பும். மறுபடி அணையும். பொழுது பட்டால் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை.

"மூணு பேருகிட்ட காட்டிட்டோம் சாமி" என்றார் அம்மா. ஒருவர் வைரஸ் என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் காசும் வாங்கிப் போயிருக்கிறார். மூன்றாமவர் பழைய சாமான், வந்த விலைக்கு விற்றுவிடுங்கள் என்றாராம். யாத்திரை சீசனுக்காக மலையில் போட்டிருக்கும் லைட்டுதான் கரண்டை இழுக்கிறது என்றார் பக்கத்துக் காம்பராத் தாத்தா. அப்பா மட்டும் மகனையே பார்த்தார். "இவன்தான் கேம் வெளையாடி கெடுத்துட்டான்." பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதற்காக அவனுக்கு அடியும் விழுந்திருந்தது.

அந்த நேரத்தில் அதே தோட்டத்துப் பொடியன் ஒருவன் வந்தான். கொழும்பில் கம்பியூட்டர் திருத்துகிற வேலை, போயா லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அவன் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டான். "எப்பக்கா நிக்குது? காலையிலயா, பொழுதுபட்டா? நீலக் கலர்ல ஏதும் எழுத்து வருதா, இல்ல ஒண்ணும் சொல்லாம நிக்குதா?" அதோடு, இதுவரை யாரும் கேட்காத ஒருவனிடம் திரும்பிக் கேட்டான்: "தம்பி, நீ என்ன பாத்த?"

பையன் மெதுவாகச் சொன்னான்: "பக்கத்து வீட்டு அக்கா கேத்தல் போட்டா நிக்குதுண்ணே."

அடி வாங்கியவனுக்குத்தான் பாதிக் காரணம் தெரிந்திருந்தது. அவனிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

கம்பியூட்டர் திருத்தும் அந்தப் பொடியன் பிறகு எனக்கு விளக்கினான். எனக்குத் தெரியாத விஷயம் என்பதால் கவனமாகக் கேட்டுக்கொண்டேன், உங்களுக்கும் உதவும். கம்பியூட்டர் தானாக நின்று எழும்புவதில் வகை இருக்கிறதாம். முன்கூட்டியே சொல்லிவிட்டு நின்றால் அது விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது, பயப்பட ஒன்றுமில்லை. நீலத் திரை மின்னி மறைந்தால் உள்ளே ஏதோ கோளாறு. நினைவகத் தகடு கெட்டிருக்கலாம், ஏதாவது மென்பொருள் முரண்டு பிடிக்கலாம். என்ன கோளாறு என்று அந்தத் திரையிலேயே எழுதியிருக்கும். ஆனால் நமக்கு அதை வாசிக்க முடிவதில்லை. கோளாறு வந்தால் உடனே தானாக மறுபடி தொடங்கு என்ற ஏற்பாட்டை விண்டோஸில் முதலிலேயே போட்டுத்தான் தருகிறார்கள். அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். அப்போது வாசிக்கலாம்.

இந்த வீட்டில் நீலத் திரையும் வரவில்லை. விண்டோஸ் தனக்குள் எழுதி வைக்கும் குறிப்பைத் திறந்து காட்டினான். 41 என்ற எண் வரிசையாக இருந்தது. ஒழுங்காக மூடப்படாமல் கரண்டு போய்விட்டது என்று மட்டும் அதற்கு அர்த்தமாம், ஏன் போனது என்று அது சொல்லாது. ஒன்றும் சொல்லாமல் நின்றால் பார்க்க வேண்டியது இரண்டு: சூடு, கரண்டு.

பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்தான். விறகடுப்புப் புகையும் தூசியும் சேர்ந்து, மூளைச் சிப்பின் மேல் இருக்கும் விசிறியைக் கம்பளி போல மூடியிருந்தது. சூட்டைக் கடத்துகிற பசை காய்ந்து பொடியாகியிருந்தது. அந்தச் சிப் 100 பாகை அளவுக்குச் சூடேறினால், எரிந்துபோகாமல் இருக்கத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். சுத்தம் செய்து பசை மாற்றியதும் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

பொழுது பட்டது. மறுபடி நின்றது.

இப்போது சுவர்ப் பக்கம் திரும்பினான். பக்கத்து வீட்டிலிருந்து மெல்லிய வயர் ஒன்றில் கரண்டு எடுத்து, இரண்டு வீட்டுச் சாமான்களும் அதில் ஓடின. பிளக் பொயின்ட் ஒரு பக்கம் கருகியிருந்தது. கேத்தல் ஒன்று 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும். அந்தக் கம்பியூட்டருக்கு 200 வாட்டும் தேவையில்லை. கேத்தல் போட்டதும் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180க்கும் கீழே காட்டியது மீட்டர். கம்பியூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, கரண்டு விழுந்தால் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம்தான் தாக்குப் பிடிக்கும். அதற்கு மேல் போனால், கரண்டு சரியாக இருக்கிறது என்று தான் கொடுக்கும் சைகையை அது நிறுத்திவிடும். உடனே எல்லாம் நிற்கும். (அந்தப் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளைக் கொல்லும் கரண்டு தங்கியிருக்கலாம்.)

சகோதரர்களே, சகோதரிகளே, அந்த இயந்திரத்தில் பெரிய பழுது என்று ஒன்றும் இல்லை. கிடைத்த புகையிலும் கிடைத்த கரண்டிலும் அது தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நாம் அதை அழித்தோம், விற்கப் பார்த்தோம், பிள்ளையை அடித்தோம்.

இப்போது அத்திமரத்தைப் பாருங்கள். மூன்று வருடம் காய்க்கவில்லை, வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். ஒரு வருடம் பொறுங்கள் என்று கேட்பவர் யார்? நம் திருவிவிலியத்தைத் திறந்து பாருங்கள். தோட்டத் தொழிலாளர் என்றே அவரைச் சொல்கிறது. உங்களை இந்த நாடு எந்தப் பெயரால் அழைக்கிறதோ அந்தப் பெயர். அவர் சும்மா பொறுக்கச் சொல்லவில்லை. சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறார். முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறி உரம் போடுகிற வேலையை உங்களில் எத்தனை பேர் எத்தனை வருடம் செய்திருக்கிறீர்கள்! மரத்தில் கனி இல்லை என்றதும் அவருடைய கண் மண்ணுக்குப் போகிறது. வேர் இறுகியிருக்கிறதா, சத்து இல்லையா என்று பார்க்கிறார். அது நிலத்தில் குனிந்து வேலை செய்தவருக்கு வருகிற அறிவு.

இதை நாம் உடம்பில் பட்டவர்கள். 2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அந்த வருடம் நாட்டில் 299 மில்லியன் கிலோ தேயிலை கிடைத்தது, அடுத்த வருடம் 251 மில்லியன் கிலோதான். மண்ணில் உரம் இல்லை, செடியில் கொழுந்து இல்லை. மலையில் நின்ற பெண்ணுக்கோ கிலோ குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். அவள் கை மெதுவாகப் போகிறது என்று பேசினார்கள்.

நின்று நின்று மறுபடி தொடங்கிய சனம் நாம். தொடங்க வைத்தவர்களும் நிறுத்தியவர்களும் வேறு ஆட்கள். 1948இல் சட்டம் போட்டுக் குடியுரிமை இல்லாமல் ஆக்கினார்கள். 1964இல் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, 525,000 பேர் இந்தியாவில், 300,000 பேர் இங்கே என்று பிரித்தன. குடும்பங்கள் உடைந்தன, பிள்ளைகளின் படிப்பு நடுவில் நின்றது. இந்த மஸ்கெலியா ஆற்றில் மவுசாக்கலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியாப் பட்டணமே தண்ணீருக்குள் போனது. தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் மேலே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரில் பிறந்த கரண்டு ஊரெல்லாம் போன பிறகு, எத்தனையோ காலம் கழித்துத்தான் லயத்துக்கு வந்தது. இத்தனைக்கும் பிறகு, தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டுக்குள்ளும் அதைச் சொல்லாதீர்கள். அது பொய்.

முதல் வாசகத்தில் மோசே ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார். முட்செடி எரிகிறது, கருகவில்லை. பார்த்துவிட்டுப் போயிருக்கலாம், ஆடுகள் காத்திருக்கின்றன. அவர் வழியை விட்டு விலகி, ஏன் கருகவில்லை என்று பார்க்கப் போகிறார். அவர் அப்படித் திரும்பியதைக் கண்ட பிறகுதான் கடவுள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கூப்பிட்டுச் சொல்வதும் என்ன? என் மக்களின் துன்பத்தைப் பார்த்தேன், அழுகுரலைக் கேட்டேன் என்கிறார். கடவுளே பார்க்கிறார், கேட்கிறார், பிறகுதான் இறங்கி வருகிறார்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறோம். நானும் போகிறேன். போன வருடம் சொன்னதையே இந்த வருடமும் சொல்கிறோம்: கோபப்பட்டேன், குடித்தேன், பேசாமல் இருந்தேன். மன்னிப்பு உறுதியாகக் கிடைக்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் மன்னிப்பை வாங்கியதும் அவசரமாக எழும்பி ஓடிவிடுகிறோம். இந்த முறை கொஞ்சம் நின்று வாசிப்போம். எந்த நேரத்தில் கோபம் வருகிறது? வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் யார் என்ன சொன்ன நாளில் குடிக்கத் தோன்றுகிறது? மனைவி ஒன்றும் சொல்லாமல் சுருண்டு படுக்கிறாள் என்றால், அவள் எத்தனை நாளாக எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள்? பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற மகளிடம், கோபப்படுவதற்கு முன்னால், நீ என்ன பார்த்தாய் என்று கேட்டீர்களா? குற்றத்தை மறைக்கச் சொல்லவில்லை. மனம் மாறாவிட்டால் அழிவீர்கள் என்று ஆண்டவர் கண்டிப்பாகவே சொல்கிறார். அடுத்த வருடம் கனி இல்லையென்றால் வெட்டலாம் என்று அந்தத் தொழிலாளரும் ஒத்துக்கொள்கிறார். கொத்திப் பார்க்காமல் வெட்டாதே என்பதுதான் அவர் கேட்டது.

அந்த வீட்டில் தடித்த வயர் போட்டாயிற்று, கருகிய பொயின்ட்டை மாற்றியாயிற்று. கம்பியூட்டர் இப்போது ஓடுகிறது. அப்பா மகனிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போன புதன்கிழமை பரீட்சைக்கு அவரே பையனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்தேன்.

உங்கள் வீட்டிலும் பிளக் பொயின்ட் சூடாகிறதா, கருகிய மணம் வருகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் வரிசையே போய்விடும். திருத்துவதற்குக் காசில்லை என்றால் பூசை முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். சாதாரண தரப் பரீட்சை வருகிற புதன்கிழமை, 26ஆம் திகதி முடிகிறது. இன்றைக்கு, நாளைக்கு, நாளை மறுநாள் என்று மூன்று இரவுதான் இருக்கிறது. உங்கள் வரிசையில் பரீட்சை எழுதும் பிள்ளை இருந்தால், ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை கேத்தலும் அயனும் போடாமல், தேத்தண்ணியை அடுப்பிலேயே வையுங்கள்.